எதை மறைப்பது, யாரிடம் மறைப்பது: புலம்பெயர்ந்த பால்புதுமையினரின் தன்வரலாறுகளில் புதிய தாயகம்

கோலாலம்பூரில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: வேற்று நாட்டில் குடியேறிய பால்புதுமையினர் எழுதிய தன்வரலாறுகள் அந்தப் புதிய தாயகத்தை எப்படிக் காட்டுகின்றன? பிறந்த மண் சிறை, போய்ச் சேர்ந்த மண் விடுதலை என்ற ஒரே கதையைத்தான் அவை திரும்பத் திரும்பச் சொல்கின்றனவா? மலேசியத் தமிழர்களாகிய நாம் அவற்றை எப்படிப் படிப்பது, எந்த நூலிலிருந்து தொடங்குவது? பினாங்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கில இலக்கியம் கற்பித்தவன் நான். இவ்வகை நூல்களைச் சிறிய வாசகர் வட்டம் ஒன்றில் நண்பர்களோடு படித்தும் வருகிறேன். ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் குயர் என்று வழங்குவதைத் தமிழில் பால்புதுமை என்று சொல்லும் வழக்கத்தையே இங்கும் கைக்கொள்கிறேன். தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகிய அனைவரையும் அச்சொல் உள்ளடக்கும்.

சிறையிலிருந்து விடுதலைக்கு என்ற அந்தக் கதை இருப்பது உண்மை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறப்பிடம் இலக்கியத்தைக் காட்டிலும் குடிநுழைவு அலுவலகம் என்றே நான் கருதுகிறேன். அகதிகளைப் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பாலீர்ப்பு என்ற சொல்லே இல்லை. 'குறிப்பிட்ட சமூகக் குழு' என்ற அதன் தொடருக்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்பதைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993-இல் வழங்கிய தீர்ப்பொன்றில் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. கியூபா நாட்டவர் ஒருவரின் வழக்கை அமெரிக்கா 1994-இல் முன்மாதிரித் தீர்ப்பாக ஏற்றது. அன்று முதல் புகலிடம் கேட்டு வரும் ஒருவர், தாம் பிறந்த ஊர் தமக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அதிகாரியின் முன் சத்தியம் செய்து சொல்லியாக வேண்டும். அந்த வாக்குமூலத்தில் அம்மாவின் சமையலுக்கு இடமில்லை. அதே ஊரில், அதே தெருவில், முதன்முதலாக ஒருவரை நேசித்த மாலைப் பொழுதுக்கும் இடமில்லை. அதைச் சொன்னால், அங்கே மகிழ்ச்சியாகத்தானே இருந்தீர்கள் என்ற கேள்வி வரும். புலம்பெயர்ந்த பால்புதுமையினர் பலர் எழுதிய முதல் தன்வரலாறு இந்த வாக்குமூலம்தான். பிற்பாடு அவர்கள் எழுதும் நூல் ஒன்று அதையே நீட்டி எழுதுவதாக அமையும், அல்லது அதில் விடுபட்டதையெல்லாம் மீட்டெடுப்பதாக அமையும். படிக்கத் தகுந்தவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வகை நூல்களில் புதிய தாயகம் ஒரு நிலப்பரப்பாக வருவதைவிட, எதை யாரிடம் மறைக்க வேண்டும் என்ற கணக்காகவே அதிகம் வருகிறது என்பதைப் பல ஆண்டு வாசிப்பில் கண்டுகொண்டேன். எல்லை தாண்டியதும் பழைய மறைப்பு ஒன்று தேவையற்றுப் போகிறது. அதே நாளில் புதிய மறைப்பு ஒன்று வந்து சேர்கிறது. அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதைத் தொடர்ந்து சென்றால், எழுதியவர் தம் புதிய நாட்டைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது புலப்படும்.

இதை மிகக் கூர்மையாகக் காட்டும் நூல் கியூபா எழுத்தாளர் ரெய்னால்டோ அரேனாஸின் 'இரவு கவிவதற்கு முன்'. அவர் இறந்த பிறகு, 1992-இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. கியூபாவில் அவருடைய கையெழுத்துப் படிகள் பறிபோயின, ஒரே நாவலை அவர் மீண்டும் மீண்டும் எழுத நேர்ந்தது, சிறையிலும் அடைக்கப்பட்டார். 1980-இல் மரியேல் துறைமுகத்தை அந்நாட்டு அரசு திறந்துவிட்டபோது ஆறே மாதங்களில் ஏறத்தாழ 125,000 பேர் படகேறினர். போகிறவர்களைக் கசடு என்று அழைத்த அரசு, தன்பாலீர்ப்பாளர்களையும் அந்தக் கசடில் சேர்த்திருந்தது. ஆகவே வெளியேற விரும்பிய அரேனாஸ், அதுவரை தம்மைத் தண்டிக்கக் காரணமாயிருந்த அதே உண்மையைக் காவல் நிலையத்தில் தாமாகவே சொல்ல வேண்டியிருந்தது. அங்கே அவரை நடந்து காட்டச் சொல்லிச் சோதித்தார்கள். எழுத்தாளர் என்பதைத்தான் இப்போது மறைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் எழுத்தாளர்களை வெளியே விட அரசுக்கு மனமில்லை. பயண ஆவணத்தில் தம் பெயரில் இருந்த ஓர் எழுத்தை மாற்றி, அரேனாஸ் என்பதை அரினாஸ் ஆக்கிக்கொண்டு படகேறினார்.

அவர் போய் இறங்கிய அமெரிக்காவின் குடிநுழைவுச் சட்டமோ, தன்பாலீர்ப்பாளர்களுக்கு நுழைவு மறுக்கும் சட்டமாகவே அன்றும் இருந்தது. 1952 முதல் இருந்துவந்த அந்தத் தடை 1990-இல்தான் நீங்கியது. மரியேல் படகுகள் வந்துகொண்டிருந்த 1980 செப்டம்பரில், அதிகாரிகள் தாமாக அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், வருகிறவர் தாமாகத் தெளிவாக ஒப்புக்கொண்டால் மட்டுமே நுழைவு மறுக்கப்படும் என்று ஒரு விதி வகுத்தார்கள். ஒரு கரையில் சொன்னால்தான் வெளியேற முடியும், மறு கரையில் சொல்லாவிட்டால்தான் உள்ளே வர முடியும். ஒரே உண்மைக்கு, கடலின் இரு கரைகளிலும் நேர் எதிரான இரு கட்டளைகள் இருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

அரேனாஸ் தம் புதிய நாட்டைப் புகழ்வதில்லை. மயாமியில் குடியேறிய கியூபர்களிடம், தாம் விட்டு வந்த அதே ஆண்மைச் செருக்கைக் காண்கிறார். சில மாதங்களில் நியூயார்க்குக்குப் போய்விடுகிறார். அந்த நகரம் முதலில் அவருக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தருகிறது, பின்னர் எய்ட்ஸ் நோய் வருகிறது, 1990 டிசம்பரில் வாழ்வு முடிகிறது. இரு நாட்டு ஆட்சி முறைகளையும் ஒப்பிடும்போது, இரண்டுமே உதைக்கின்றன, ஓரிடத்தில் உதை வாங்கியபின் கைதட்ட வேண்டும், மற்ற இடத்தில் அலறலாம், நான் அலறுவதற்காகவே வந்தேன் என்ற பொருளில் எழுதுகிறார். அலறுவதற்கான உரிமை சிறியது என்று அவர் கருதவில்லை. கைதட்டச் சொல்லி வற்புறுத்தப்பட்ட ஒருவருக்கு அது எவ்வளவு பெரியது என்பது நூல் முழுவதும் தெரிகிறது. ஆனாலும் அதை அவர் வீடு என்று அழைப்பதில்லை.

அடுத்து நான் பரிந்துரைப்பது ஹோசே அந்தோனியோ வர்காஸ் 2018-இல் வெளியிட்ட தன்வரலாறு. பொய் சொல்லுதல், வேறொருவராகக் கடந்துபோதல், ஒளிந்திருத்தல் என்ற பொருள்படும் மூன்று பகுதிகளாக அதைப் பிரித்திருக்கிறார். தலைப்புகளே நான் சொல்லும் கணக்கைச் சொல்லிவிடுகின்றன. பிலிப்பீன்சிலிருந்து 1993-இல், 12 வயதில், கலிபோர்னியாவில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பப்பட்டவர் அவர். 16 வயதில் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது, அவருடைய நிரந்தரவாச அட்டை போலியானது என்று முகப்பில் இருந்த பெண் மெல்லச் சொல்லித் திருப்பி அனுப்பினார். தாத்தாவே பணம் கொடுத்து வாங்கிய அட்டை அது. பேரன் ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, அமெரிக்கப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டால் ஆவணங்கள் சரியாகிவிடும் என்பது அந்த முதியவரின் திட்டம். 1999-இல் வகுப்பறையில் எழுந்து தாம் ஆண்களை விரும்புகிறவர் என்று வர்காஸ் அறிவித்தார். தாத்தா அவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார். சமய நம்பிக்கையால் மட்டும் எழுந்த கோபம் இல்லை அது; பேரனைக் கரையேற்ற அவர் கட்டி வைத்திருந்த ஒரே பாலமும் அன்று இடிந்தது.

இந்த இடத்தைப் படிக்கும் பலர் தாத்தாவைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. அந்த ஆண்டில் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் இரு ஆண்கள் மணம் செய்துகொள்ள முடியாது. 1996-இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, அப்படி ஒரு மணம் எங்கேனும் நடந்தாலும் நடுவண் அரசு அதை ஏற்காது என்று சொன்னது; அது 2013 வரை நீடித்தது. ஆகவே தம் பாலீர்ப்பைச் சொன்ன அந்த நொடியில், குடியுரிமைக்கான வழியையும் தாமே அடைத்துக்கொள்கிறார் வர்காஸ். தன்பாலீர்ப்பைச் சொல்ல இடம் தரும் நாடாக அமெரிக்கா அவருக்கு இருக்கிறது, ஆவணமில்லாமையைச் சொல்லவிடாத நாடாகவும் அதுவே இருக்கிறது. இரண்டாவது மறைப்பை அவர் 2011-இல்தான் உடைத்தார். நூல் வெளிவந்தபோது அவர் தம் தாயைப் பிரிந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் வாசகர் வட்டத்தில் இப்பகுதியைப் படித்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்த பெண்மணி ஒருவர், எங்களுக்கெல்லாம் அக்கா முறையானவர், தம் தந்தையின் சிவப்பு அடையாள அட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். குடியுரிமை பெறாதவர்களுக்குத் தரப்பட்ட அட்டை அது. தந்தை ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். அவருடைய வயதையும் ஊர்ப் பெயரையும் யாரோ ஓர் எழுத்தர் பிழையாக எழுதிவிட்டார். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கும் சட்டம் 1968-இல் வந்தபோது அந்தப் பிழை வெளிப்பட்டுவிடுமோ என்று வீடே நடுங்கியதாம். வாசலில் யாரேனும் வந்து பெயர் கேட்டால் அப்பா இல்லை என்று சொல்லும்படி பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார்கள். அவர் இதைத் தம் பேரப்பிள்ளைகளிடம் கூடச் சொன்னதில்லை. பால்புதுமையினரைப் பற்றி அதுவரை அதிகம் பேசாதிருந்த அந்த அக்கா, வர்காஸின் தாத்தாவை எங்களில் எவரையும்விடச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். நம்மவர்கள் இந்நூல்களுக்குள் நுழைய வாசல் ஒன்று ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது என்று எனக்கு அன்று தோன்றியது.

புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் எழுதும் நூல்களில் கணக்கு வேறு விதமாகிறது. கவிஞர் ரிச்சர்ட் பிளாங்கோ 2014-இல் வெளியிட்ட தம் இளமைக்கால நினைவுகளில், கைக்குழந்தையாக அமெரிக்கா வந்து மயாமியில் வளர்ந்த சிறுவனைக் காட்டுகிறார். கியூபா அவர் கண்ணால் பார்த்திராத நாடு. வீட்டிலோ எல்லாரும் அதிலேயே வாழ்கிறார்கள். அமெரிக்கப் பேரங்காடிக்குள் கால் வைக்கத் தயங்கும் பாட்டியும், நன்றி நவிலல் நாளுக்கு மற்ற வீடுகளைப் போல வான்கோழி சமைக்க வேண்டும் என்று கேட்கும் பேரனும் வரும் பகுதி மிக அழகானது. அதே பாட்டிதான் பேரனின் நடையையும் பேச்சையும் ஓயாமல் கண்காணித்து, அவனை ஆண்பிள்ளையாக்கப் பாடுபடுகிறார். புதிய நாட்டை நோக்கி அந்தப் பாட்டியைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறவன், அவருடைய பார்வையிலிருந்துதான் தன்னை ஒளித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயாவும் பாட்டியும் 'ஊரில் இப்படியெல்லாம் கிடையாது' என்று சொல்லக் கேட்டே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் சொன்ன ஊர், நாம் போய்ப் பார்த்தபோது அங்கே இல்லை.

சம்ரா ஹபீப் 2019-இல் எழுதிய தன்வரலாறு, உங்கள் கேள்வியில் உள்ள சிறை, விடுதலை என்ற பிரிவினையை நேரடியாகக் கலைக்கிறது. அவர் பாகிஸ்தானில் அகமதியா குடும்பத்தில் பிறந்தவர். அகமதியாக்கள் முஸ்லிம்கள் இல்லை என்று அந்நாட்டு அரசியல் சாசனமே 1974-இல் திருத்தப்பட்டிருந்தது. ஆகவே குடும்பம் கனடாவுக்கு ஓடி வந்தது சமயத்தைக் காக்க. அங்கே சமயத்தை மறைக்கத் தேவையில்லாமல் போனது. ஆனால் 16 வயதில் உறவினர் ஒருவருடன் நிச்சயித்த திருமணம் அந்த விடுதலை நாட்டிலேதான் நடந்தது. பின்னர் டொராண்டோவில், பால்புதுமையினரும் ஒன்றாக நின்று தொழும் ஒரு பள்ளிவாசலை அவர் கண்டடைகிறார். தாயகம் என்று நூல் காட்டுவது அந்தத் தொழுகை அறையைத்தான். கனடா முழுவதையும் அப்படிக் காட்ட அவர் முயல்வதே இல்லை.

2023-இல் லம்யா எச். என்ற புனைபெயரில் வெளிவந்த தன்வரலாறு இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. தெற்காசியாவில் பிறந்து, அரபு நாடொன்றில் வளர்ந்து, படிப்புக்காக அமெரிக்கா வந்தவர் அவர். தம் வாழ்வை மர்யம், மூசா முதலிய குர்ஆன் மாந்தர்களின் வழியே சொல்கிறார். பெற்றோரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தால்தான் ஒருவர் உண்மையாக வாழ்கிறார் என்ற எதிர்பார்ப்பை அவர் ஏற்கவில்லை. யாரை உள்ளே அழைப்பது என்பதைத் தாமே முடிவு செய்கிறார். முக்காடு அணிந்த பெண்ணாக நியூயார்க்கில் நடமாடும்போது, மறைக்க முடியாத அடையாளம் ஒன்றையும், மறைத்து வைக்க உரிமையுள்ள அடையாளம் ஒன்றையும் ஒரே உடலில் சுமக்கிறார். மறைப்பது எப்போதும் தோல்விதான் என்று எண்ணியிருந்த என் கருத்தை இந்த நூல் மாற்றியது.

மறைப்பைப் பற்றிப் பேசும்போது மொழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழில் 'நான்' என்பதற்குப் பால் இல்லை. ஆனால் நேசித்தவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், வந்தான், வந்தாள் என்று வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். 'அவர் வந்தார்' என்று மரியாதையின் பின்னால் ஒதுங்கலாம், ஆனால் நெருங்கிய ஒருவரை நண்பர்களிடையே அப்படிச் சொன்னால் செயற்கையாக ஒலிக்கும். மலாய் மொழியின் 'டியா' ஆணையும் பெண்ணையும் பிரிப்பதில்லை. வர்காஸின் தாய்மொழியான தகாலோகில் 'சியா' என்ற சொல்லும் அப்படித்தான். நம் இளைஞர்கள் சிலர் இத்தகைய பேச்சு வரும்போது தமிழிலிருந்து மலாய்க்குத் தாவுவதை நான் கேட்டிருக்கிறேன். இந்தத் தன்வரலாறுகளில் பலவும் தாய்மொழியில் எழுதப்படாமல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதற்குச் சந்தை மட்டும் காரணமாக இருக்காது. அம்மா படிக்க முடியாத மொழியில் எழுதுவதும் ஒரு புகலிடம்தான், அதன் விலை என்ன என்பதை அம்மொழியில் எழுதுகிறவர்கள் நன்கு அறிவார்கள். வாய்ப்பிருந்தால் உங்கள் ஆய்வில் இதற்கு ஓர் இயல் ஒதுக்குங்கள்.

தமிழிலேயே எழுதியவர்களும் இருக்கிறார்கள். நாமக்கல் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்த திருநங்கை ரேவதியின் 'வெள்ளை மொழி'யை இந்த வரிசையில் வைத்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் கடவுச்சீட்டு எடுத்து எல்லை தாண்டியவர் இல்லை. ஆனால் டெல்லிக்கும் மும்பைக்கும் போனபோது மொழி தெரியாத நாட்டில் இறங்கியவராகவே இருந்தார். குரு, சேலா (சீடர்) என்ற உறவு முறைகளும், சமைப்பதற்கும் கும்பிடுவதற்கும் புதிய ஒழுங்குகளும் கொண்ட திருநங்கையர் வீடு அவருக்கு இன்னொரு குடியேற்றம். அந்த வீடு அவரை ஏற்கிறது, அடக்கியும் வைக்கிறது; இரண்டையும் அவர் மழுப்பாமல் எழுதுகிறார். ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' நூலையும் நம்மவர்கள் தன்வரலாறு என்றே சொல்கிறார்கள். 1994-இல் வந்த அது நாவல். கொழும்புத் தமிழ்க் குடும்பம் கனடாவுக்குப் புறப்படும் இடத்தோடு அது முடிந்துவிடுவதால், புதிய தாயகம் அதில் வரப்போகும் குளிராக மட்டுமே இருக்கிறது. ஆய்வில் அதைச் சேர்ப்பதானால் நாவல் என்று தெளிவாகக் குறிப்பிட்டுச் சேருங்கள்.

இனி நம் நாட்டைப் பற்றி. மலேசியாவின் தண்டனைச் சட்டத்தில் 377ஏ, 377பி பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். 1860-இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கென எழுதிய 377-ஆம் பிரிவின் வழிவந்தவை இவை. நம் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்களோ, அதே ஆட்சியின் கையோடு அச்சட்டமும் இந்தக் கரைக்கு வந்தது. ஒருவரையொருவர் மனமொப்பி நேசிக்கும் பெரியவர்களை இந்தியா 2018 செப்டம்பரில் அப்பிரிவிலிருந்து விடுவித்தது, சிங்கப்பூர் 2022-இல் தன் சட்டப் பிரிவை நீக்கியது. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகவே மியன்மாரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தப்பி வந்து கோலாலம்பூரில் வாழும் பால்புதுமையினர் ஒருவருக்கு, ஆவணத்தையும் அன்பையும் ஒருசேர மறைக்க வேண்டிய இடம் நம் நகரம். பிரிக்பீல்ட்சில் நம் பக்கத்து மேசையில் தேநீர் அருந்துகிறவர் அப்படி ஒருவராக இருக்கலாம். மேலை நாடுகளைப் பற்றிய நூல்களை மட்டும் படித்துவிட்டு, புதிய தாயகம் என்றால் டொராண்டோ அல்லது நியூயார்க் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2009-இல் கோலாலம்பூரிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்த 'பாடி டு பாடி' தொகுப்பையும் தேடிப் படியுங்கள். மலேசியப் பால்புதுமையினரின் கதைகளும் கட்டுரைகளும் அதில் இருக்கின்றன.

எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். வர்காஸையும் ரேவதியையும் அடுத்தடுத்துப் படியுங்கள், பிறகு அரேனாஸுக்குப் போங்கள். அவர் நூலில் சிறைக் காட்சிகளும் உடலைப் பற்றிய வெளிப்படையான பகுதிகளும் மிகுதி, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நூலிலும், பயணத்துக்கு முன் மறைத்தவை எவை, பின் மறைத்தவை எவை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆய்வு முறை சார்ந்து ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. லம்யா எச். போன்று புனைபெயரில் எழுதியவர்கள் யார், எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று துப்பறிய முற்படாதீர்கள். நேர்காணலில் உங்களிடம் மனம் திறப்பவர்களின் பெயரையும், ஊரையும், அடையாளம் காட்டக்கூடிய தொழிலையும் உங்கள் குறிப்பேட்டிலேயே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.